குறும்பதிவு, நேரலை, சேனல்: தலைவர்கள் எதில் பதில் சொல்கிறார்கள்?

ஒரு தலைவரின் கணக்கைத் திறந்தால் எத்தனை லட்சம் பேர் பின்தொடர்கிறார்கள் என்பதில்தான் பலருக்கும் முதலில் கண் போகும். நான் நேராகப் பின்னூட்டங்களுக்குப் போய்விடுவேன். மக்கள் கேட்டதில் ஒன்றுக்காவது அவர் பதில் சொல்லியிருக்கிறாரா? எக்ஸ் (முன்பு ட்விட்டர்) தளத்துக் குறும்பதிவு, ஃபேஸ்புக் போன்றவற்றின் நேரலை, வாட்ஸ்அப், டெலிகிராம் சேனல்கள் என மூன்றையும் இந்த அளவுகோலால்தான் அளக்கிறேன்.

குறும்பதிவில் வேகம் அதிகம், விளக்கத்துக்கு இடம் குறைவு. 2018 மார்ச்சில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ரெக்ஸ் டில்லர்சனின் பதவி போனதை ட்ரம்ப்பின் ட்விட்டர் பதிவுதான் உலகத்துக்குச் சொன்னது. வேறொருவர் அந்தப் பதவிக்கு வருகிறார், டில்லர்சனுக்கு நன்றி, அவ்வளவுதான். ஏன் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

அதே ட்விட்டரை சுஷ்மா சுவராஜ் எப்படிப் பயன்படுத்தினார் என்று பாருங்கள். 2014 முதல் 2019 வரை இந்திய வெளியுறவு அமைச்சராக இருந்தவர். பாஸ்போர்ட்டைத் தொலைத்தவர்களும், வேலைக்குப் போன நாட்டில் சிக்கிக்கொண்டவர்களும் அவரைக் குறிப்பிட்டு எழுதுவார்கள். பல நேரம் அவரே பதில் போட்டு, அந்த நாட்டுத் தூதரகத்தையும் அதில் இழுத்துவிடுவார். ஊரே பார்க்கும் இடத்தில் அமைச்சர் கேட்டபின் அதிகாரிகள் எப்படித் தட்டிக்கழிப்பார்கள்? எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. ட்விட்டர் தெரிந்தவரின் மனு முன்னால் போக, தெரியாதவர் பழைய வரிசையிலேயே நிற்கிறார். ஆனாலும் ஒரு அமைச்சரின் காது திறந்திருந்தது என்பதை நான் பெரிதாகவே மதிக்கிறேன்.

அடுத்தது நேரலை. 2020 மார்ச் 25 இரவு, நியூசிலாந்தில் பொதுமுடக்கம் தொடங்கச் சில மணி நேரமே இருந்தது. பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்ன் மகளைத் தூங்க வைத்துவிட்டு, வீட்டில் போடும் சாதாரண உடையிலேயே ஃபேஸ்புக் நேரலைக்கு வந்தார். வந்து விழுந்த கேள்விகளைப் படித்துப் பதில் சொன்னார். பயந்து போயிருக்கும் மக்களுக்கு, நாட்டை நடத்துபவர் தன் கேள்வியைப் படிக்கிறார் என்பதே பெரிய ஆறுதல். ஆனால் எந்தக் கேள்வியை எடுப்பது என்பது அவர் கையில்தான் இருக்கிறது. மழுப்பினால் மறுபடி மடக்கிக் கேட்க, செய்தியாளர் சந்திப்பில் இருப்பதுபோல் எதிரே ஆள் கிடையாது. அதனால் நேரலை நடத்துகிறேன் என்று சொல்லிச் செய்தியாளர்களைத் தவிர்க்கும் தலைவரை நான் நம்ப மாட்டேன்.

சேனல்கள் பெரும்பாலும் ஒருவழிப் பாதை. தலைவர் சொல்வார், நாம் கேட்கலாம், மிஞ்சினால் ஒரு எமோஜி போடலாம். சாதாரண நாளில் இது வெறும் ஒலிபெருக்கி. ஆபத்துக் காலத்திலோ அதுவே போதும். 2022 பிப்ரவரி 25 அன்று, ரஷ்யப் படையெடுப்பின் இரண்டாம் நாள், உக்ரைன் அதிபர் ஜெலன்ஸ்கி கீவ் நகரத் தெருவில் பிரதமரோடும் சகாக்களோடும் நின்று, நாங்கள் இங்கேதான் இருக்கிறோம் என்று சொன்ன காணொளியைக் கைபேசியில் எடுத்து வெளியிட்டார். தப்பி ஓடிவிட்டார் என்ற வதந்திக்கு அந்தச் சில நொடிகளே பதில். அடுத்த மாதம் அவர் சரணடையச் சொல்வதுபோல ஒரு போலிக் காணொளி வந்தபோதும், தன் கணக்கிலேயே பேசி அதை உடனே மறுத்தார்.

இந்த மூன்றுமே வாடகை வீடுகள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2021 ஜனவரி 8 அன்று ட்விட்டர் ட்ரம்ப்பின் கணக்கை முடக்கியபோது அவர் இன்னும் பதவியில் இருந்த அதிபர். ஆகவே, முக்கியமான அறிவிப்பு எதுவானாலும் அரசின் சொந்த இணையதளத்திலும் இருக்க வேண்டும்.

சரி, என் வரிசை இதுதான்: பொது விஷயங்களுக்கு நேரலை, தனிமனிதரின் குறைகளுக்குக் குறும்பதிவு, அவசரத்துக்குச் சேனல். நேரலைக்கு வரும் தலைவர்களிடம் ஒன்று கேட்பேன். போன முறை படிக்காமல் விட்ட கேள்விகளில் இரண்டை எடுத்துக்கொண்டு அடுத்த நேரலையைத் தொடங்குங்கள்.