சனியா, ஞாயிறா: இரண்டு ஓய்வுநாளையும் இருந்து பார்த்த வீடு

ஆலங்குளம் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். பிறந்து வளர்ந்தது ஞாயிறு ஆராதிக்கிற சி.எஸ்.ஐ. சபையில். என் மனைவி நாசரேத்தை ஒட்டிய பிரகாசபுரத்துக்காரி, சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரிக்கிற ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபைக் குடும்பம். பெண் பார்க்கப் போன அன்றே மாமனார் கேட்டார்: "கடையை எந்தக் கிழமை அடைப்பீங்க, மாப்பிள்ளை?" சம்பிரதாயத்துக்குக் கேட்ட கேள்வி இல்லை அது. கல்யாணம் முடிந்து முதல் 14 மாதம் சனிக்கிழமை அடைத்தோம். அதன் பிறகு இன்றுவரை ஞாயிறு. இதே குழப்பத்தில் நிற்கிற வீடுகள் நம் பக்கம் இன்னும் இருக்கின்றன. அவர்களுக்காக எழுதுகிறேன்.

வேத வசனச் சண்டையை நீட்டப் போவதில்லை. சனிக்கிழமைக்காரர்கள், தேவன் ஏழாம் நாளில் ஓய்ந்ததைச் சொல்லும் ஆதியாகமம் 2, பத்துக் கட்டளை வரும் யாத்திராகமம் 20 என்று தொடங்குவார்கள். நாம், வாரத்தின் முதல் நாளில் அப்பம் பிட்கக் கூடியதைச் சொல்லும் அப்போஸ்தலர் 20:7-ஐயும், ஓய்வுநாளைக் குறித்து யாரும் உங்களைக் குற்றப்படுத்த வேண்டாம் என்கிற கொலோசெயர் 2:16-ஐயும் எடுப்போம். இருவருக்கும் பதில் தயாராக இருக்கும். ஒன்று மட்டும் சொல்லிவிட வேண்டும். ஞாயிறு ஆராதனையே ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் கி.பி. 321-ல் போட்ட சட்டத்தால் வந்தது என்று சிலர் பேசுகிறார்கள். அது சரியில்லை. அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே, கிறிஸ்தவர்கள் ஞாயிறன்று கூடி வேதம் வாசித்து அப்பம் பகிர்ந்ததை ஜஸ்டின் மார்ட்டியர் என்ற ஆதிச்சபை எழுத்தாளர் எழுதி வைத்திருக்கிறார். அந்தச் சட்டத்தால் வந்தது ஞாயிறு விடுமுறை.

நம் ஆட்களிடமும் ஒரு தப்பு உண்டு. சனிக்கிழமை ஆசரிப்பை யாரோ அமெரிக்காக்காரர் கொண்டுவந்த புதுச் சரக்கு என்று நினைக்கிறார்கள். மிஷனரிகளோடு முரண்பட்டு வெளியேறிய அருமைநாயகம் சட்டாம்பிள்ளை நாசரேத் பக்கத்தில் தனிச் சபை கண்டது 1857-ல். வேதத்தை அவரே படித்து, சனிக்கிழமைதான் ஓய்வுநாள் என்ற முடிவுக்கு வந்தார். அட்வென்டிஸ்ட் மிஷனரி ஜே. எஸ். ஜேம்ஸ் பிரகாசபுரத்துக்கு வந்தது 1908-ல். வந்த இடத்தில் அரை நூற்றாண்டாகச் சனிக்கிழமையை ஆசரிக்கிற ஜனம் இருந்தது. ஆக, இது நம் தேரி மண்ணிலேயே முளைத்த கேள்வி.

சரி, இருந்து பார்த்த கதைக்கு வருகிறேன். சனிக்கிழமை ஓய்வின் அழகு வெள்ளிக்கிழமை சாயங்காலத்தில் இருக்கிறது. ஓய்வுநாள் பொழுது சாயும்போது தொடங்கிவிடும் என்பதால் மதியத்திலிருந்தே வீட்டில் ஆயத்தம் நடக்கும். மாமியார் மறுநாளைக்கும் சேர்த்துப் புளிக்குழம்பு வைத்து, வீட்டைப் பெருக்கி, துணிகளை மடித்து வைப்பார். கடைசியாக அரிவாள்மணையைக் கழுவிச் சுவரில் சாய்த்து வைப்பார். அது மறுநாள் பொழுது சாயும்வரை அங்கேயே இருக்கும். சனிக்கிழமை குழம்பைச் சூடு பண்ணுவதோடு சரி.

எங்கள் அம்மாவின் ஞாயிற்றுக்கிழமை எப்படி இருந்தது? ஆராதனையில் "ஓய்வுநாளைப் பரிசுத்தமாய் ஆசரிக்க நினைப்பாயாக" என்று சபையோடு சேர்ந்து சொல்லிவிட்டு வருவாள். கோயில் சேலையைக்கூட மாற்றாமல் அரிவாள்மணை முன்னால் உட்காருவாள், கறி நறுக்க. வாரத்தில் அவளுக்கு அதிக வேலை அன்றைக்குத்தான். ஞாயிறு வகுப்புக்கு ஓய்வுநாள் பாடசாலை என்று பெயர் வைத்த சபை நாம். அந்த ஓய்வு எங்கள் வீட்டு அடுப்படிவரை வரவில்லை. இது எனக்கு உறைக்க, கல்யாணமாகி மாமியார் வீட்டுச் சுவரில் அந்த அரிவாள்மணையைப் பார்க்க வேண்டியிருந்தது.

இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் ஞாயிறுக்கு வந்தேன்?

ஓய்வுநாள் கட்டளையை முழுதாகப் படித்ததால்தான். நாளைச் சொன்ன கையோடு ஒரு பட்டியலையும் சொல்கிறது: மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, வாசலுக்குள் இருக்கிற அந்நியன். உபாகமம் 5 அதற்குக் காரணமும் தருகிறது: நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய் என்று நினை, உன்னைப்போல உன் வேலைக்காரனும் இளைப்பாற வேண்டும். உழவுக் காலத்திலும் அறுப்புக் காலத்திலும்கூட ஓய்ந்திரு என்கிறது யாத்திராகமம் 34. கான்ஸ்டன்டைன் சட்டமோ உழவனை மட்டும் வேலை செய்ய விட்டது. நகரத்தானுக்கு லீவு, சம்சாரிக்கு இல்லை. யார் ஓய்கிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்று அப்போதுதான் மனசில் பட்டது.

என் கடையில் இரண்டு பேர் வேலை பார்க்கிறார்கள். அந்த 14 மாதமும் அவர்களுக்கும் சனிக்கிழமைதான் லீவு. ஞாயிறு கடை திறந்தாக வேண்டும். மூத்தவர் ஒருநாள் சாக்குக்கு வாய் கட்டிக்கொண்டே சொன்னார்: "அண்ணாச்சி, சனிக்கிழம வீட்டுல இருந்து நான் என்ன செய்ய? அவ பீடித்தட்ட மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. அன்னைக்குத்தான் சம்பளக் கணக்கு. புள்ளையளோட இருக்கலாம்னா ஞாயித்துக்கிழம நான் இங்க நிக்கேன்."

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. என் ஓய்வுநாளுக்காக அவருடைய ஓய்வுநாளை நான் பிடுங்கி வைத்திருந்தேன். லீவு கொடுத்தேன், கூலியும் பிடிக்கவில்லை. ஆனால் பெண்டாட்டி பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார முடியாத நாளை வைத்து ஒருவன் என்ன இளைப்பாறுவான்? பீடிக்கடைக் கணக்கும் கொத்தனார், சித்தாள் கூலியும் எங்கள் பக்கம் சனிக்கிழமைதான் கைக்கு வரும். அன்று நான் அடைத்தால் எனக்கு வியாபாரம் போவதும் உண்மைதான். அதையும் மறைக்கவில்லை. ஆனால் அதை ஒரு வருஷத்துக்கு மேல் தாங்கிவிட்டோம், இன்னும் தாங்கியிருப்போம். அவர் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

எந்த நாளும் ஒன்றுதான், ரோமர் 14 அப்படித்தான் சொல்கிறது என்று மூன்றாவது கட்சி ஒன்று உண்டு. கடைக்காரனாகச் சொல்கிறேன்: கிழமை குறிக்காத லீவு எந்தக் கடையிலும் வந்ததில்லை.

பிரகாசபுரத்தில் சொந்தபந்தம் எல்லாம் சேர்ந்து சனிக்கிழமை ஓய்கிறார்கள். அங்கே கடை வைத்திருந்தால் நானும் சனிக்கிழமையே அடைத்திருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. மாதச் சம்பளக்காரர்களுக்கும், சனிக்கிழமை தேர்வு எழுத வேண்டிய பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்கும் பாடு வேறு. எங்கள் பிள்ளைகள் இன்னும் சின்ன வகுப்புதான். அதில் எனக்கு அனுபவம் கிடையாது. மாமனாருக்கு என் முடிவில் இன்றும் சம்மதமில்லை. ஏழாம் நாள் என்றால் ஏழாம் நாள், கடைப்பையனைக் கேட்டா கட்டளை எழுதினார்கள் என்பார். அவர் சொல்வதிலும் பலம் இருக்கிறது.

ஞாயிற்றுக்கு மாறும்போது மனைவி ஒன்றே ஒன்று கேட்டாள்: ஆயத்த நாள் வேண்டும். ஒத்துக்கொண்டேன். சனிக்கிழமை வியாபாரம் முடிய ராத்திரி ஒன்பதாகும். நான் வருவதற்குள் குழம்பு கொதித்திருக்கும். தேங்காய் துருவுவது என் வேலை, கறி எடுப்பதை வேறு நாளுக்கு மாற்றிவிட்டோம். அப்புறம் அவள் அரிவாள்மணையைக் கழுவிச் சுவரில் சாய்த்து வைப்பாள். அம்மா இப்போது எங்களோடுதான் இருக்கிறாள். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் சேலையை மாற்றிவிட்டு, திண்ணையில் பேரனோடு காலை நீட்டி உட்காருகிறாள்.