பதினோரு வருஷம், ஒரே குடும்ப டாக்டர்

இந்த மாதத்தோடு எங்கள் வீடு ஒரே டாக்டரிடம் போக ஆரம்பித்து 11 வருஷம் ஆகிறது. அம்மா, மனைவி, நான், மகள் என நாலு பேருக்கும் ஒரே கிளினிக், ஒரே ஃபைல் அலமாரி. "எது வந்தாலும் நேரே ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்த்துவிடலாமே, நடுவில் இவர் எதற்கு?" என்று கேட்பவர்களிடம் சொல்ல எனக்கு இரண்டு வரிப் பதில் கிடையாது. அதனால்தான் நீளமாக எழுதுகிறேன். குறைகளும் இருக்கின்றன, அவற்றையும் மறைக்கப் போவதில்லை.

நான் முதலில் போனது உடம்பு சரியில்லாமல் அல்ல, ஒரு மருத்துவச் சான்றிதழில் கையெழுத்து வாங்க. அப்போது வயது 36. படியேறிய மூச்சு அடங்குவதற்குள் உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டு, போனில் ஆபீஸ் விஷயம் பேசிக்கொண்டே பிரஷர் பார்க்கக் கையை நீட்டினேன். 152/96. டாக்டர் அந்த எண்ணை எழுதவே இல்லை. "போனை வையுங்க. காலை இறக்குங்க. முதுகைச் சாய்ச்சுக்குங்க. அஞ்சு நிமிஷம் ஒண்ணும் பேசாதீங்க" என்றார். சுருட்டி இறுக்கியிருந்த சட்டைக் கையை அவிழ்க்கச் சொல்லி, கை இதயத்தின் உயரத்துக்கு வருமாறு அடியில் ஒரு தலையணையை வைத்தார். பட்டையையும் மாற்றிச் சற்று அகலமானதைச் சுற்றினார். தடித்த கைக்குச் சின்னப் பட்டை போட்டால் அழுத்தத்தைக் கூட்டிக் காட்டுமாம். அந்த அஞ்சு நிமிஷத்தில் நான் மூன்று தடவை பேச வாயெடுத்தேன். மூன்று தடவையும் உதட்டில் விரல் வைத்து அடக்கினார். அடுத்து வந்தது 138/88.

அதையும் அவர் நம்பவில்லை. கருவி ஒன்றை வாங்கி, வீட்டில் ஒரு வாரம் காலையில் இரண்டு தடவை, மாலையில் இரண்டு தடவை பார்த்து எழுதிவரச் சொன்னார். முதல் நாள் எண்களைத் தள்ளிவிட்டு மீதி ஆறு நாளுக்குச் சராசரி போட்டார்: 131/83. வீட்டில் பார்க்கும்போது 135/85-க்குக் கீழே இருந்தால் மாத்திரை அவசியமில்லை, கண்காணித்தால் போதும் என்றார். ஆஸ்பத்திரி வாசலை மிதித்தாலே பிரஷர் ஏறுகிற ஆட்கள் உண்டு, அதில் நானும் ஒருவன். அன்றைக்கு வேறு யாராவது முதல் எண்ணையே எழுதியிருந்தால் 36 வயதிலேயே மாத்திரை ஆரம்பித்திருக்கும். கடைசியில் மாத்திரை வந்தது எட்டாவது வருஷம், வீட்டுச் சராசரி 138/88-ஐத் தொட்டபோது. அப்போது எனக்கு அதிர்ச்சியே இல்லை. அது மெதுவாக ஏறி வருவதை இரண்டு பேருமே பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

அதே முதல் நாளில் கேட்ட இன்னொரு கேள்வி: "அப்பாவுக்கு முதல் ஹார்ட் அட்டாக் எத்தனை வயசுல?" 52 என்றேன். பேனாவை எடுத்து வட்டம் போட்டார். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55-க்கு முன்னால், அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ 65-க்கு முன்னால் இதய நோய் வந்திருந்தால் அது நம் கணக்கிலும் சேருமாம். கையெழுத்து வாங்கப் போனவன் கொலஸ்ட்ரால் டெஸ்ட் சீட்டோடு வெளியே வந்தேன்.

சர்க்கரை விஷயத்தில்தான் இந்த ஏற்பாட்டின் அருமை எனக்குப் புரிந்தது. எச்பிஏ1சி என்று ஒரு ரத்தப் பரிசோதனை, கடந்த இரண்டு மூன்று மாதத்துச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும். 5.7-லிருந்து 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டம், 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். எனக்கு வந்தவை 5.3, அப்புறம் 5.5, அப்புறம் 5.6. லேப் ரிப்போர்ட்டில் மூன்றுமே சாதாரண எழுத்தில்தான் இருந்தன, எதையும் தடித்த எழுத்தில் அச்சடிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் வேறு வேறு டாக்டரிடம் காட்டியிருந்தால் மூன்று பேரும் "நார்மல்" என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள், அதில் தப்பும் இல்லை. இவர் மூன்று தாளையும் மேஜையில் வரிசையாகப் பரப்பி, "இது போற திசை எனக்குப் பிடிக்கல" என்றார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்தது 5.9.

அப்போதுதான் அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வைப் பற்றிச் சொன்னார். முடிவு வெளியானது 2002-இல். சர்க்கரை வரும் விளிம்பில் இருந்தவர்களில், உடல் எடையில் 7 சதவீதம் குறைக்கவும் வாரம் 150 நிமிஷம் நடக்கவும் இலக்கு வைத்துப் பழக்கியவர்களுக்கு நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் குறைந்தது 31 சதவீதம். என் எடை 84 கிலோ. அதாவது ஆறு கிலோ. கேட்பதற்கு சுலபம்.

நடக்கவில்லை என்பதுதான் உண்மை. "வாரம் 150 நிமிஷம்" என்ற பாட்டை எல்லா டாக்டரும் பாடுகிறார்கள், எல்லோரும் தலையாட்டிவிட்டு வருகிறோம். ஆறு மாதம் இப்படியே போக்குக் காட்டினேன். ஒருநாள் அவர் மருந்துச் சீட்டை எடுத்து, மாத்திரை எழுதுகிற அதே கிறுக்கலில், "நடை, 20 நிமிடம், இரவு சாப்பிட்ட பின், தினமும், 30 நாள்" என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். வாரத்துக்கு 140 நிமிஷம்தானே வருகிறது, 10 குறைகிறதே என்று கேட்டேன். "முதல்ல 140 நடங்க, மீதியை அப்புறம் பேசிக்கலாம்" என்றார். சீட்டை மனைவி பார்த்துவிட்டாள், அதோடு தப்பிக்க வழியில்லாமல் போயிற்று. 79 கிலோவுக்கு வந்து நின்றேன், ஆறாவது கிலோ இன்றுவரை போகவில்லை. எச்பிஏ1சி 5.6-க்குத் திரும்பியது.

அம்மா கதை வேறு மாதிரி. பிரஷருக்கு ஒரு டாக்டர், முட்டிக்கு ஒருவர், கண்ணுக்கு ஒருவர் என்று தனித்தனியாகப் போய்க்கொண்டிருந்தார். இடையில் வறட்டு இருமல் பிடித்துக்கொண்டது. இரண்டு மாதம், இரண்டு பாட்டில் சிரப், ஒரு எக்ஸ்ரே. எதிலும் ஒன்றும் இல்லை. குடும்ப டாக்டர் வீட்டில் இருக்கிற அத்தனை மருந்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துவரச் சொன்னார். பையைக் கவிழ்த்து, அட்டை அட்டையாக எடுத்து அடுக்கினார். வெவ்வேறு பெயர் போட்ட இரண்டு அட்டைகளில் இருந்தது ஒரே வலி மாத்திரை. அடுத்து பிரஷர் மாத்திரையை எடுத்துக் காட்டி, "அம்மா, இது எப்போலேர்ந்து?" என்றார். எனலாப்ரில். "இருமலுக்கு ஒரு மூணு வாரம் முன்னாடி, டாக்டரம்மா" என்றார் அம்மா, சொல்லும்போதே அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். அந்த வகை மாத்திரை சிலருக்கு வறட்டு இருமலைக் கொடுக்கும். எழுதிக்கொடுத்தவரிடமே போனில் பேசி, லோசார்டன் என்ற வேறு பிரஷர் மாத்திரைக்கு மாற்றினார். மூன்றாவது வாரம் இருமல் நின்றது. யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது. பிரஷர் பார்த்தவருக்கு இருமல் தெரியாது, சிரப் கொடுத்தவருக்கு மாத்திரை தெரியாது.

தடுப்பூசி, மகளின் உயரம் எடை, அம்மா கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து காட்டுவது எல்லாம் வருஷா வருஷம் தானாக நடந்துவிடுகின்றன. டெட்டனஸ் ஊசி 10 வருஷத்துக்கு ஒரு முறை போட வேண்டும் என்பதே எனக்கு அங்கேதான் தெரியும்.

இனி சண்டை போட்டது. நாற்பது முடிந்ததும் எனக்கு ஒரு முழு உடல் பரிசோதனை செய்துகொள்ள ஆசை. தலை முதல் கால் வரை ஸ்கேன், அறுபது எழுபது டெஸ்ட் என்று பட்டியல் போட்ட பேக்கேஜ். சீட்டில் ஒரு கையெழுத்து போதும். மறுத்துவிட்டார். உங்கள் வயசுக்கும் குடும்ப வரலாற்றுக்கும் எது தேவையோ அதை எழுதுகிறேன், மீதி வேண்டாம் என்றார். எனக்குக் கோபம். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2019-இல் புதுப்பித்த ஆய்வுத் தொகுப்பில், இரண்டரை லட்சம் பேருக்கு மேல் கலந்துகொண்ட 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். பொதுவான ஹெல்த் செக்கப் செய்துகொண்டதால் இறப்பு விகிதத்தில் ஏறக்குறைய வித்தியாசமே இல்லை. தென் கொரியாவில் கழுத்து ஸ்கேன் பரவலான பிறகு, 2011-இல் கண்டுபிடிக்கப்பட்ட தைராய்டு புற்றுநோய் 1993-ஐப் போல 15 மடங்கு. ஆனால் அந்த நோயால் இறந்தவர்கள் எண்ணிக்கை அப்படியே இருந்தது. ஒன்றும் செய்யாமல் விட்டிருக்கக்கூடிய கட்டிகளுக்காக ஏராளமானோர் கழுத்தில் கத்தி பட்டிருக்கிறது. அதைப் படித்த பிறகு பேக்கேஜ் ஆசை போய்விட்டது. டாக்டரிடம் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

இதே தைராய்டில்தான் அவரும் சறுக்கினார். மனைவிக்கு நாலைந்து மாதமாக ஒரே அசதி. அந்தச் சமயம் அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆகி, ராத்திரி இரண்டு மூன்று தடவை எழுந்து பார்த்துக்கொண்டது அவள்தான். டாக்டருக்கு அது நன்றாகத் தெரியும். "தூக்கமில்லை, வேறென்ன, கொஞ்ச நாள் யாராவது மாற்றிக்கொள்ளுங்க" என்று என்னை முறைத்தார். நான் மாற்றிக்கொண்டேன். அசதி போகவில்லை. அடுத்த தடவை போனபோது அவர் விடுப்பில் இருந்தார், பதிலுக்கு ஒரு இளம் டாக்டர். எங்கள் வீட்டுக் கதை எதுவும் தெரியாதவர். அதனால் முதலிலிருந்து கேட்டார்: முடி கொட்டுகிறதா, மற்றவர்களுக்கு இல்லாத குளிர் உங்களுக்கு மட்டும் தெரிகிறதா, எடை கூடியிருக்கிறதா, மலச்சிக்கல் உண்டா? எல்லாவற்றுக்கும் ஆமாம். டிஎஸ்எச் என்ற ரத்தப் பரிசோதனையில் தைராய்டு குறைவு என்று வந்தது. வெறும் வயிற்றில் காலையில் ஒரு தைராக்சின் மாத்திரை, சில வாரங்களில் ஆளே மாறிவிட்டாள்.

திரும்பி வந்த டாக்டர் சமாளிக்கவில்லை. "உங்க வீட்டு நிலவரம் தெரிஞ்சதாலேயே நான் கேட்காம விட்டுட்டேன்" என்றார். தொந்தரவு எதுவும் இல்லாதவருக்குக் கழுத்து ஸ்கேன் வேண்டாம் என்பது சரி. தொந்தரவோடு வந்து நிற்பவருக்கு ஒரு ரத்தப் பரிசோதனை எழுதாதது தப்பு. இரண்டையும் செய்தவர் ஒரே ஆள்தான். பழகிய டாக்டரிடம் இருக்கிற ஆபத்து இது, சின்ன ஆபத்தும் அல்ல. அதிலிருந்து நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். ஒரே தொந்தரவுக்கு மூன்றாவது தடவை போக நேர்ந்தால், "என்னைத் தெரியாத மாதிரி நினைச்சு இன்னொரு தடவை பாருங்க" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவேன். அவருக்குக் கோபம் வந்ததில்லை.

மற்ற குறைகள் சில்லறை. நேரம் குறித்துக்கொண்டு போனாலும் நாற்பது நிமிஷம் காத்திருக்க வேண்டும். காரணமும் தெரியும், உள்ளே போகிறவரை அவசரப்படுத்த மாட்டார். ராத்திரி கிடையாது. வரவேற்பில் போனை எடுக்கவே மாட்டார்கள், நேரில் போவதே மேல்.

எனக்கு வேலை பறிபோன வருஷம் ஒன்று வந்தது. பிரஷர் பார்த்து முடித்துக் கிளம்பும்போது, எழுதிக்கொண்டே, சாதாரணமாகக் கேட்டார்: கடந்த இரண்டு வாரத்தில் மனம் சோர்ந்து, எதிலும் நம்பிக்கையில்லாமல் இருந்ததா? வழக்கமாகப் பிடித்த காரியங்களில் ஈடுபாடு குறைந்ததா? இரண்டுக்கும் "இல்லை" என்றேன். பேனாவை மூடி வைத்தார். "நாலு வருஷமா நான் பிரஷர் பார்க்கும்போதெல்லாம் பேசாதீங்கன்னு சொல்லியிருக்கேன். இன்னைக்குத்தான் சொல்ல வேண்டி வரல" என்றார். மறுபடி உட்கார்ந்தேன். அரை மணி நேரம் ஆனது. வெளியே காத்திருந்தவர்கள் என்னைத் திட்டியிருப்பார்கள்.

நார்வேயில் 45 லட்சம் பேரின் பதிவுகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2022-இல் வந்தது. ஒரே பொது மருத்துவரிடம் 15 வருஷத்துக்கு மேல் இருந்தவர்களுக்கு, ஒரு வருஷம் மட்டும் இருந்தவர்களைவிட இறப்பு சுமார் 25 சதவீதம் குறைவு, அவசரமாக ஆஸ்பத்திரியில் சேர்வதும் அதேபோல் குறைவு என்றது. ஒரே இடத்தில் நிலையாக இருக்கிறவர்களின் வாழ்க்கையே கொஞ்சம் ஒழுங்காக இருக்கும், அதனாலும் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் 11 வருஷத்தை வைத்து நான் எதையும் நிரூபிக்க முடியாது.

அடுத்த மாதத்திலிருந்து டாக்டர் வாரம் மூன்று நாள்தான் வருவார். மீதி நாட்களுக்கு, என் மனைவியின் தைராய்டைக் கண்டுபிடித்த அந்த இளம் டாக்டர். அவருக்காக ஒவ்வொருவரின் ஃபைல் முன்னாலும் ஒரு பக்கச் சுருக்கம் எழுதி வைக்கிறார். என்னுடையதைக் காட்டச் சொன்னேன், கொடுத்தார். அப்பா, 52, வட்டம். பிரஷருக்கு அம்லோடிபின் 5. எச்பிஏ1சி எண்கள் வரிசையாக, பக்கத்தில் மேலே போய்க் கீழே இறங்கும் ஒரு அம்புக்குறி. நடை: சீட்டு எழுதிக் கொடுத்தால் நடப்பார். கடைசி வரி: பிரஷர் பார்க்கும்போது பேசுவார், விடாதீர்கள். பேசவில்லை என்றால் என்ன ஆயிற்று என்று கேளுங்கள்.