மலேசியாவுக்குத் தனியாக வருபவருக்கு கோலாலம்பூரா (கேஎல்), பினாங்கா?

"நாலு நாள்தான், தனியாக வர்றேன், எங்கே போகட்டும்?" என்று தமிழ்நாட்டிலிருந்து கேட்பவர்கள் அதிகம்.

போக்குவரத்து:
கேஎல்: ரயிலே போதும். கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் ஏறினால் பத்துமலை முருகன் கோயில் வாசலிலேயே இறங்கலாம்.
பினாங்கு: பெரும்பாலும் பேருந்து. காத்திருக்க வேண்டும், ஆனால் பேச்சு பிறப்பதும் அங்கேதான்.

மனிதர்கள்:
பினாங்கு: ஜார்ஜ்டவுன் 2008 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ள பழைய நகரம், நடந்தே சுற்றலாம். குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில் பக்கம் வழி கேட்டேன். பூ கட்டிக்கொண்டிருந்த அக்கா முதலில் கேட்டது, "சாப்பிட்டாச்சா தம்பி?" வழி அப்புறம்தான் வந்தது, கூடவே அவர் மகன் கல்யாணக் கதையும்.
கேஎல்: 452 மீட்டர் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறவனிடம் யாரும் பேசுவதில்லை. பத்துமலையின் 272 படிகள் மட்டும் வேறு; மூச்சு வாங்க நிற்குமிடத்தில் எல்லாரும் சொந்தக்காரர்கள். (பையை மட்டும் குரங்கிடம் காட்டாதீர்கள்.)

இரவு தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்): இரண்டு ஊரிலும் மாமாக் கடை (தமிழ் முஸ்லிம் உணவகம்) உண்டு. சமம்.

முதல் வெளிநாட்டுப் பயணம், வழி தவறும் பயம் என்றால் கேஎல். தவறினால் என்ன என்பவருக்குப் பினாங்கு. மூன்றாம் நாள் துணிவு வந்தால் சரி, கேஎல்லிலிருந்து எதிர்க்கரையான பட்டர்வொர்த்துக்கு ரயிலைப் பிடித்து, ஃபெர்ரியில் பினாங்குத் தீவுக்குக் கடந்துவிடுங்கள்.