பொம்பெயியா, ஹெர்குலேனியமா?

இத்தாலியில் நேப்பிள்ஸ் பக்கம் போகிற குடும்பங்கள், எரிமலை புதைத்த பழைய ரோமானிய ஊரான பொம்பெயிக்குக் கண்ணை மூடிக்கொண்டு டிக்கெட் எடுக்கிறார்கள். நாங்களும் அப்படித்தான்: நான், மனைவி, பத்து வயதுப் பையன், ஐந்து வயதுப் பெண், முழங்கால் வலியோடு அம்மா. அதே போலப் புதைந்த பக்கத்து ஊர் ஹெர்குலேனியத்தை மறுநாளுக்குத் தள்ளினோம். முதலில் அங்கேதான் போயிருக்க வேண்டும்.

இரண்டையும் புதைத்தது கி.பி. 79இல் வெடித்த அதே வெசூவியஸ் எரிமலைதான், ஆனால் புதைந்த விதம் வேறு. பொம்பெயி மேல் நுரைக்கல்லும் சாம்பலும் மழையாகக் கொட்டின. பாரம் தாங்காமல் கூரைகள் இடிந்தன. ஹெர்குலேனியத்தை மூடியது கொதிக்கும் சாம்பல் வெள்ளம், சுமார் 20 மீட்டர் ஆழத்துக்கு. அந்தச் சூட்டில் மரம் கரியாகி அப்படியே நின்றுவிட்டது. மாடி, உத்தரம், மரத்தடுப்பு எல்லாம் இருக்கின்றன. ஒரு கடையில் மதுச்சாடி அடுக்கிய மரச்சட்டம்கூட! "நம்ம ஊர் மளிகைக்கடைப் பரண்தான்டா இது" என்று அம்மா அதன் முன்னாலேயே நின்றுவிட்டார்.

பொம்பெயி சுமார் 66 ஹெக்டேர். அதில் மூன்றில் ஒரு பங்கு இன்னும் மண்ணுக்குள். நிழல் குறைவு, தெருவெல்லாம் மேடுபள்ளக் கல், ஸ்ட்ரோலரை மறந்துவிடுங்கள். ஆனால் பையனுக்கு அதுதான் பிடித்தது. தெருவைக் கடக்கப் போட்ட உயரக் கற்களில் தாவித் தாவிப் போனான். நடுவே வண்டிச் சக்கரம் அறுத்த தடத்தில் விரலை விட்டு ஆழம் பார்த்தான். ஆம்பிதியேட்டர் வேறு. அந்தப் பிரம்மாண்டம் ஹெர்குலேனியத்தில் கிடையாது. அங்கே தோண்டியது நாலைந்து ஹெக்டேர்தான், மூன்று மணி நேரம் போதும். மீதி, இன்றைய எர்கொலானோ ஊருக்கு அடியில்.

சரி, சின்னக் குழந்தைகள் பயப்பட மாட்டார்களா? ஹெர்குலேனியத்தின் படகுக் கொட்டில்களில் 300 பேர் வரை எலும்புக்கூடாகக் கிடைத்தார்கள். என் மகள் அதை வேடிக்கை பார்த்தாள். அவளைப் பாட்டியின் சேலைக்குள் ஒளிய வைத்தவை பொம்பெயி அச்சுகள்தான். 1863இல் தொல்லியலாளர் ஃபியோரெல்லி, உடல்கள் மக்கிய வெற்றிடத்தில் பிளாஸ்டர் ஊற்றி எடுத்த முறை. எலும்புக்கூட்டுக்கு இல்லாத முகம் அவற்றுக்கு இருக்கிறதே.

இரண்டு ஊருக்கும் ஒரே ரயில் தடம்தான். 18 வயதுக்குட்பட்டோருக்கு இரண்டிலும் இலவசம். எர்கொலானோவில் நிலையத்திலிருந்து பத்து நிமிட இறக்கம், அம்மாவே நடந்துவிட்டார். திரும்பும்போது அதே தெரு ஏற்றம். பெரியவர்கள் கூட வந்தால் அதற்கு மட்டும் டாக்சி பிடித்துவிடுங்கள்.