தீவன விதை என்று புல்தரை விதையை வாங்கி ஏமாந்த கதை

நீலகிரி, கொடைக்கானல் பக்கம் மாடு வைத்திருப்பவர்கள் யாராவது "இறக்குமதி ரை புல் விதை"க்குப் பணம் அனுப்பப் போகிறீர்கள் என்றால், அனுப்பும் முன் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். 16,250 ரூபாயும் எட்டு மாதமும் செலவழித்துத் தெரிந்துகொண்டது.

ஊட்டியைத் தாண்டி, உறைபனி தப்பாமல் விழுகிற ஒரு பள்ளத்தில் எனக்கு இரண்டு ஏக்கர். முன்பு உருளைக்கிழங்கும் கேரட்டும் போட்ட நிலம். இப்போது ஐந்து கறவை மாடுகள், எல்லாம் ஜெர்சி கலப்பு. மழைக்காலத்தில் இங்கே புல்லுக்குப் பஞ்சமில்லை, கிகுயு தானாகவே வந்து மண்டும். ஆனால் அது கிழக்கு ஆப்பிரிக்க மலைப் புல். குளிரைப் பொறுக்கும், உறைபனியைப் பொறுக்காது. டிசம்பரில் இரண்டு ராத்திரி பனி விழுந்தால் வெந்நீர் ஊற்றியதுபோல் வெந்து பழுப்பாகிவிடும். அதன் பிறகு கோடை மழை வரும்வரை கீழேயிருந்து லாரியில் ஏறி வரும் வைக்கோல்தான். வைக்கோல் விலையோடு மலையேற்றும் வாடகையும் சேர்ந்தால் சொசைட்டியில் வாங்கும் பால் காசு அதற்கே போகும்.

அதனால்தான் குளிர்காலப் புல்லைத் தேடினேன். ஓட்ஸ், ரை புல், காக்ஸ்ஃபுட், ஃபெஸ்க்யூ எல்லாம் அந்த ஜாதி. 15 முதல் 25 டிகிரி வெப்பத்தில் நன்றாக வளரும், 30-ஐத் தாண்டினால் சோர்ந்துவிடும். எங்கள் ஊருக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறதே என்று தோன்றியது. பனிக்காலத்தில் பச்சையாக மேய்க்கலாம், மிஞ்சியதை ஜனவரி வெயிலில் அறுத்துக் காயவைத்தால் வைக்கோல் செலவும் குறையும் என்பது என் கணக்கு. அந்தக் கணக்கில் இன்றும் எனக்குச் சந்தேகமில்லை.

ஆள் கிடைத்தது வாட்ஸ்அப்பில். கீழே ஒரு ஊரில் விதைக்கடை. ஒரு வீடியோ அனுப்பினார். இடுப்பளவுப் புல்லில் ஒருவர் கையை வீசிக்கொண்டு நடக்கிறார். "அண்ணா, இதுதாங்க ரை புல். ஒரு தடவை விதைச்சா பத்து வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம். மாசம் ஒரு அறுப்பு." கிலோ 650 ரூபாய். ஏக்கருக்குப் பத்து கிலோ போதும், கூட அஞ்சு கிலோ கையிருப்பு வச்சுக்கோங்க என்றார். 25 கிலோ வாங்கினேன். என்ன ரகம் என்று கேட்டதற்கு, "இம்போர்ட்டட்ங்க" என்று மட்டும் பதில். லேபிள் எங்கே என்றதற்கு, "புல் விதைக்கெல்லாம் லேபிள் கிடையாதுங்க." பில்லில் "புல் விதை, 25 கிலோ" என்று ஒரே வரி. லாட் எண் இல்லை, முளைப்புத்திறன் இல்லை, பரிசோதித்த தேதி இல்லை. இதையெல்லாம் பார்த்துவிட்டும் வாங்கினேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் கடைசியில் விதைத்தேன். ஒரு வாரத்தில் முளைத்தது. நூற்றுக்குத் தொண்ணூறு சொல்லலாம், அவ்வளவு அழகான முளைப்பு. கடைக்காரருக்குப் போட்டோ அனுப்பி நன்றி கூடச் சொன்னேன்.

அதற்கப்புறம் அது வளரவில்லை. தீவன ரை புல் இரண்டு மாதத்தில் முதல் அறுப்புக்கு வந்துவிட வேண்டும். என்னுடையது தீபாவளி தாண்டி, கார்த்திகை தீபம் தாண்டியும் ஒரு சாண். கரும்பச்சை, மெல்லிசு இலை, தரையோடு தரையாக அடர்ந்து கம்பளி மாதிரி. அரிவாளை வைத்தால் பிடிக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, "ஏப்பா, இது மாடு திங்கிற புல்லா, துரை பங்களா வாசப் புல்லா?" என்று கேட்டார். சிரித்துவிட்டேன். அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி என்று தெரிய இன்னும் இரண்டு மாதம் ஆயிற்று.

விதை வந்த வெள்ளைச் சாக்கு ஒன்றை எருவள்ள எடுத்து உள்பக்கம் வெளியே திருப்பினேன். உள்ளே அச்சு! சாக்கையே புரட்டித் தைத்து அனுப்பியிருக்கிறார்கள். வீட்டு முன் புல்தரையில் குழந்தை விளையாடும் படம், அதன் கீழே "ஒரு கிலோ 300 சதுர அடிக்கு" என்று ஆங்கிலத்தில். ஏக்கர் 43,560 சதுர அடி; அந்தக் கணக்கில் ஏக்கருக்கு 145 கிலோ வரும். மேய்ச்சலுக்கு விதைக்கும் எந்த ரை புல்லுக்கும் அவ்வளவு தேவையில்லை, பத்துப் பதினைந்து கிலோவோடு முடிந்துவிடும்.

ரை புல் என்ற ஒரே பெயருக்குள் மூன்று சரக்கு இருக்கிறது. ஒன்று, இத்தாலிய ரை புல். ஒன்றிரண்டு வருடம் நிற்கும், உயரமாக வளரும், அறுத்துக் காயவைக்க ஏற்றது. இரண்டாவது, பல்லாண்டு ரை புல்லில் மேய்ச்சலுக்கென்று வளர்த்தெடுத்த ரகங்கள். மூன்றாவது, அதே பல்லாண்டுப் புல்லில் கோல்ஃப் மைதானத்துக்கும் வீட்டு முற்றத்துக்கும் உருவாக்கிய குட்டை ரகங்கள். வளராமல் இருப்பதுதான் அவற்றின் பெருமையே. வாரா வாரம் மெஷின் ஓட்ட வேண்டாம் அல்லவா. கடைக்காரர் வீடியோவில் காட்டியது முதலாவது, "பத்து வருஷம்" என்று பேசியது இரண்டாவதைப் பற்றி, சாக்கில் வந்தது மூன்றாவது. விதையைக் கையில் கொட்டிப் பார்த்திருந்தாலே பாதி தெரிந்திருக்கும். இத்தாலிய விதையின் நுனியில் சின்ன மீசை இருக்கும், பல்லாண்டு விதை பெரும்பாலும் மொட்டை. முளைத்த பிறகு குருத்தை விரலிடுக்கில் உருட்டிப் பார்க்கலாம். இத்தாலிய வகையில் இலை சுருண்டு வருவதால் குருத்து உருண்டையாக இருக்கும், பல்லாண்டு வகையில் இலை மடிந்து வருவதால் தட்டையாக இருக்கும்.

காசு போனதோடு நின்றிருந்தால் இந்தப் பதிவை எழுதியிருக்க மாட்டேன். பனியில் கிகுயு கருகியபோது இது மட்டும் பச்சையாக நின்றது. சரி, அறுக்க முடியாவிட்டால் மேயட்டும் என்று மாட்டை விட்டேன். வேறு புல் இல்லாததால் அடி வேர் தெரியும் வரை மேய்ந்தன. பிப்ரவரி கடைசி, நல்ல வெயில். ஒருநாள் சாயங்காலம் ஓட்டி வரும்போது லட்சுமிக்குத் தலை ஆடியது, பின்னங்கால் விறைத்தது, இரண்டு எட்டு வைத்து அப்படியே சாய்ந்தது. கொஞ்ச நேரம் தொந்தரவு செய்யாமல் விட்டால் எழுந்து நிற்கிறது, மறுபடி விரட்டினால் மறுபடி விழுகிறது. இரண்டு நாளில் இன்னொரு மாடும் அப்படியே. டாக்டர் முதலில் மெக்னீசியம் குறைவு என்று நினைத்து ஊசி போட்டார்; இளம்புல் மேயும் மாடுகளுக்கு அது வருவதுண்டு. ஊசிக்குச் சரியாகவில்லை. என்ன புல் மேய்ந்தது என்று கேட்டவர், சாக்கைப் பார்த்ததும் உடனே அந்த நிலத்தை விட்டு வெளியே எடுக்கச் சொன்னார்.

அவர் விளக்கியது இது. புல்தரை ரகங்கள் பலவற்றில் விதைக்குள்ளேயே ஒரு பூஞ்சை குடியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, புல்லுக்கு நோயும் இல்லை. பூச்சி அண்டாமல் காக்கும் என்பதால் புல்தரை விதை விற்பவர்கள் அதை விரும்பியே வைத்திருப்பார்கள். ஆனால் அந்தப் பூஞ்சை உண்டாக்கும் நஞ்சு இலையின் அடித்தண்டில்தான் அதிகம் சேரும். மாடு ஒட்ட மேயும்போது அதைத்தான் தின்னும். நியூசிலாந்தில் ஆடு மாடுகளுக்கு இந்தத் தள்ளாட்டம் கோடைக் கடைசியில் வருவது எல்லோருக்கும் தெரிந்த நோயாம். காயவைத்துப் போட்டாலும் நஞ்சு முழுக்கப் போகாது. என் மாடுகளுக்கு வந்தது அதுதான் என்று ஆய்வகத்தில் யாரும் எழுதித் தரவில்லை. வைக்கோலுக்கு மாற்றிய பத்தாவது நாள் இரண்டும் நேராக நடந்தன என்பது மட்டும் நான் கண்ணால் கண்டது.

கடைக்காரருக்குப் போன் போட்டேன். சாக்குப் போட்டோவையும் அனுப்பினேன். "அண்ணா, லேபர் பண்ணின தப்புங்க. கோவிச்சுக்காதீங்க, பதிலுக்கு டால் ஃபெஸ்க்யூ இலவசமா அனுப்புறேன்" என்றார். நல்லவேளை, அதற்குள் கொஞ்சம் படித்திருந்தேன். அமெரிக்காவில் கென்டக்கி 31 என்று ஒரு ஃபெஸ்க்யூ ரகம். 1931-ல் ஒரு மலைப் பண்ணையில் கண்டெடுத்து 1943-ல் வெளியிட்டார்கள், ஏக்கர் ஏக்கராக விதைத்தார்கள். அதை மேய்ந்த மாடுகளுக்குப் பால் வற்றியது, குளிர்காலத்தில் குளம்பும் வால் நுனியும் அழுகி விழுந்தன. உள்ளே இருக்கும் பூஞ்சைதான் காரணம் என்று 1970-களின் கடைசியில்தான் பிடிபட்டது. பூஞ்சை இல்லாத ஃபெஸ்க்யூ விதையும் இருக்கிறது. ரகப் பெயர் சொல்லாத ஆளிடம் அதை வாங்க முடியுமா? வேண்டாம் என்றேன். அன்றோடு நம்பர் பிளாக்.

விதை ஆய்வாளரிடம் போனேன். மரியாதையாகவே பேசினார். 1966 விதைச் சட்டத்திலேயே கால்நடைத் தீவன விதையும் "விதை" என்ற சொல்லுக்குள் வருகிறது, விற்க உரிமம் வேண்டும், லேபிள் கிடையாது என்றது பொய் என்றார். ஆனால் சோதனைக்கு மாதிரி எடுக்க, தையல் பிரிக்காத மூட்டை வேண்டும். நானோ மணலில் கலந்து தூவுவதற்காக ஐந்தையும் பிரித்துவிட்டேன். ஒரு மூட்டையைப் பிரிக்காமல் வைத்திருந்தால் கதை வேறு. விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோர்தான் என்று 2012-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதால், நுகர்வோர் ஆணையத்துக்கு எழுதியிருக்கிறேன். "புல் விதை" என்ற அந்த ஒற்றை வரிப் பில்லை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க வேண்டும்.

அதே ஆள் இப்போது திருப்பூர், ஈரோடு குரூப்களில் அதே வீடியோவைப் போட்டு "வருடம் முழுக்க ரை புல்" என்று விற்கிறார். அந்த வெயிலில் அசல் தீவன விதையே நிற்காது, இதுவா நிற்கும்? சமவெளிக்காரர்களுக்குக் கோ-5 ஒட்டுப்புல் கரணையும் வேலிமசாலும் குதிரைமசாலும் இருக்கும்போது இந்த ஆசை எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. முயல் வளர்ப்பவர்களிடம் டிமோத்தி என்கிற குளிர்நாட்டுப் புல்லின் விதையும் விற்கிறாராம். டிமோத்தி கதிர் விட நீண்ட பகல் வேண்டும். நம் ஊரில் எந்த மாதத்திலும் பகல் 13 மணி நேரத்தைத் தொடாது.

மலைக்காரர்கள் விதை தேடினால் சாண்டிநல்லா ஆட்டு ஆராய்ச்சி நிலையத்திலோ, கொடைக்கானல் பக்கம் மன்னவனூரில் இருக்கும் ஆட்டு ஆராய்ச்சி மையத்திலோ நேரில் போய் ஒரு வார்த்தை கேளுங்கள். நான் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் சாண்டிநல்லாவை வைத்துக்கொண்டு வாட்ஸ்அப்பில் தேடினேன்.

நிலத்தை உழுதாயிற்று. இந்த முறை கென்ட் ரக ஓட்ஸ், சான்று விதைக்கான நீல லேபிள் ஒட்டிய மூட்டை. ஒன்றைப் பிரிக்காமல் பரணில் வைத்திருக்கிறேன். பழைய விதையில் மிஞ்சிய ஐந்து கிலோவில் ஒரு கிலோவை வழக்குக்காக எடுத்து வைத்துவிட்டு, மீதியைக் கீழே ரோட்டோரம் இருக்கும் ரிசார்ட்காரர் கேட்டார் என்று கொடுத்தேன். அவர் வாசலில் பிரமாதமாக வந்திருக்கிறது. அந்த வழியாக மாடு ஓட்டும்போது மட்டும் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொள்கிறேன்.