பேட்டரியா, ஹைட்ரஜனா? மெரிபேங்கில் இருந்து ஒரு கணக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், மெரிபேங்கில் வளர்ந்த எங்களுக்கு வண்டிப் புகை என்பது பேப்பரில் படிக்கிற செய்தி இல்லை. எங்கள் வகுப்பில் புத்தகப் பையில் இன்ஹேலர் வைத்திருந்த பிள்ளைகள் பல பேர். மெரிபேங்க் இருக்கும் டர்பனின் தென்பகுதியில் இருந்த இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் ஓய்ந்துவிட்டன. துறைமுகத்துக்குப் போகும் பேஹெட் சாலையில் டீசல் லாரிகளின் வரிசை மட்டும் ஓயவில்லை. அதனால் தூய வண்டிகளுக்கு அரசு சலுகை என்றாலே, அது எந்த வண்டிக்குப் போய்ச் சேருகிறது என்றுதான் முதலில் பார்ப்பேன்.

தென்னாப்பிரிக்காவில் ஹைட்ரஜனுக்குத்தான் முதலில் ஆதரவு கிடைத்தது. 2008இல் அரசு 'ஹைசா' என்ற ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கி, கேப் டவுன், வெஸ்டர்ன் கேப், நார்த் வெஸ்ட் பல்கலைக்கழகங்களிடம் வேலையைப் பிரித்துக் கொடுத்தது. காரணம் பிளாட்டினம். எரிபொருள் கலத்துக்குள் ஹைட்ரஜனும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து மின்சாரம் தருகின்றன. குழாய் வழியே தண்ணீர்தான் வெளியேறும். அந்த வினையைத் தூண்டுவது பிளாட்டினம். உலகில் வெட்டியெடுக்கும் பிளாட்டினத்தில் ஏறக்குறைய 70% நம் நாட்டுச் சுரங்கங்களில் இருந்து போகிறது. இன்று அதை மற்ற எதையும்விட அதிகமாக வாங்குபவை வண்டிகளின் புகைவடிகட்டிகள். எல்லா வண்டியும் பேட்டரிக்கு மாறினால் பிளாட்டினச் சுரங்க ஊரான ரஸ்டன்பர்க்கின் தொழிலாளியின் வேலை என்ன ஆகும்? இந்தக் கவலை நியாயமானது, அதை நான் லேசாகத் தள்ள மாட்டேன்.

2021இல் அரசும் ஆங்கிலோ அமெரிக்கன், எஞ்சி, பம்பிலி எனர்ஜி நிறுவனங்களும் சேர்ந்து 'ஹைட்ரஜன் பள்ளத்தாக்கு' ஆய்வை வெளியிட்டன. லிம்போபோவின் மொகலக்வெனா சுரங்கத்தில் தொடங்கி, ஜோஹானஸ்பர்க் வழியாக நம் டர்பன் வரை வரும் பாதை அது. அடுத்த ஆண்டு மே மாதம் அதே சுரங்கத்தில் 290 டன் சுமக்கும் ஹைட்ரஜன் லாரி ஒன்று ஓடிக் காட்டியது.

பேட்டரிக்கு ஆதரவு தாமதமாகத்தான் வந்தது. மின்வண்டி வெள்ளை அறிக்கை 2023 டிசம்பரில் வெளியானது. 2024 பட்ஜெட்டில் 96.4 கோடி ரேண்ட் ஒதுக்கினார்கள். அப்புறம், 2026 மார்ச் 1 முதல் வண்டி உற்பத்தியில் போடும் முதலீட்டுக்கு 150% வரிக்கழிவு. அதாவது 100 ரேண்ட் போட்டால், வரி போடும் வருமானத்தில் இருந்து 150 கழித்துக்கொள்ளலாம். இது மின்வண்டிக்கும் உண்டு, ஹைட்ரஜன் வண்டிக்கும் உண்டு. ஆனால் எல்லாமே தொழிற்சாலைக்குத்தான். வண்டி வாங்குகிறவருக்கு ஒரு சென்ட் கூட இல்லை. இன்னும் கொடுமை, ஐரோப்பாவில் இருந்து வரும் பெட்ரோல் காருக்கு இறக்குமதி வரி 18%, மின்காருக்கு 25%!

சரி, சாலையில் எது தேறும்? காற்றாலையில் கிடைத்த 100 யூனிட் மின்சாரத்தை பேட்டரியில் ஏற்றினால் 70க்கு மேல் சக்கரத்துக்குப் போகும். அதையே ஹைட்ரஜனாக்கி, அழுத்தி, மறுபடி மின்சாரமாக்கினால் ஏறக்குறைய 30தான் மிஞ்சும். நம் மின்சாரத்தில் 80%க்கு மேல் நிலக்கரி என்பதால் இந்த இழப்பு இரட்டிப்பாக வலிக்கிறது. ஆகவே வீட்டுக் கார், மினிபஸ் டாக்சி, நகரப் பேருந்து மூன்றுக்கும் என் ஓட்டு பேட்டரிக்கே. கேப் டவுனில் கோல்டன் ஆரோ நிறுவனம் 120 மின்பேருந்துகளுக்கு ஆர்டர் கொடுத்திருப்பதும் அந்தத் திசையில்தான்.

லாரியின் கணக்கு வேறு. என் சித்தப்பா இருபது வருடம், டர்பனையும் ஜோஹானஸ்பர்க்கையும் இணைக்கும் என்3 நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி ஓட்டியவர். கடல்மட்டத்தில் கிளம்பி வான் ரீனன் மலை ஏறி, 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஜோஹானஸ்பர்க்குக்கு 570 கிலோமீட்டர். "ஏத்தத்துல ஒவ்வொரு டன்னும் தெரியும்டா" என்பார். பெரிய பேட்டரி அத்தனை எடையையும் கூடவே தூக்கிக்கொண்டு ஏற வேண்டும், சார்ஜ் ஏறக் காத்திருக்கவும் வேண்டும். ஹைட்ரஜன் தொட்டியோ அதைவிட லேசு, சில நிமிடங்களில் நிரம்பிவிடும். பிளாட்டினமும் துறைமுகமும் நம்மிடமே இருக்கும்போது, ஹைட்ரஜனுக்கு வேறெந்தப் பாதையையும்விட என்3தான் பொருத்தம் என்பது என் முடிவு.

ஆனால் தொழிற்சாலைக்குக் கொடுக்கும் வரிக்கழிவு இந்த லாரிகளைச் சாலைக்குக் கொண்டுவராது. பேஹெட் சாலையை ஒட்டி ஒரு ஹைட்ரஜன் நிலையம் வேண்டும். அங்கே நிரப்ப வரும் முதல் லாரிகளின் உரிமையாளர்களுக்கு நேரடி மானியமும் வேண்டும்.