ஆலெஃப் பறக்கும் கார் முன்பதிவு: 150 டாலருக்கு என்ன கிடைக்குது? (5க்கு 2)

நான் வண்டிய ஓட்டிப் பாக்கல, அத முதல்லயே சொல்லிடறேன். இங்க ரிவியூ பண்றது முன்பதிவ மட்டும்தான், ஏன்னா கலிஃபோர்னியால இருக்கற ஆலெஃப் ஏரோநாட்டிக்ஸ் 2022 அக்டோபர்லேந்து பொதுமக்களுக்கு வித்துட்டு இருக்கறது அதைத்தான். 150 டாலர் கட்டினா சாதா க்யூ, 1,500 கட்டினா முன்வரிசை. வண்டி பேரு "மாடல் ஏ", விலை 3 லட்சம் டாலர், நம்ம காசுல இரண்டரை கோடிக்கு மேல. மூவாயிரம் பேருக்கு மேல புக் பண்ணிட்டாங்கன்னு கம்பெனி சொல்லுது.

நல்லத முதல்ல சொல்லிடுவோம். டிசைன் சூப்பர். எட்டு புரொப்பெல்லரும் பாடிக்கு உள்ளயே ஒளிஞ்சிருக்கு, மேல பூரா வலை மாதிரி இருக்கறதால காத்து உள்ள புகுந்து கீழ போகுது, வண்டி நின்ன எடத்துலேந்து அப்படியே செங்குத்தா எழும்பும், எழும்பினப்புறம் மொத்த வண்டியும் பக்கவாட்டுல சாஞ்சு ரெண்டு பக்கத்துச் சுவரும் ரெக்கையா மாறிடும், நடுவுல உக்காந்திருக்கறவர் கவுந்துடாம இருக்க கேபின் மட்டும் தனியா திரும்பிக்கும். இத யோசிச்சவன் மூளைக்கு ஒரு கும்பிடு. 2025 பிப்ரவரில ரோட்டுல நின்ன ஒரு கார தாண்டி எழும்பிப் போற வீடியோவும் விட்டாங்க, ஆனா அதுல பறந்தது வேற சோதனை வண்டி, நீங்க புக் பண்ற மாடல் ஏ இல்ல.

இப்ப ரோட்டுக்கு வருவோம். இது அமெரிக்க சட்டப்படி லோ ஸ்பீட் வெஹிகிள், அதாவது மணிக்கு 25 மைல், 40 கிலோமீட்டர் சொச்சம். ஃப்ரீவேல ஏறவே கூடாது. வேகமா போகணும்னா பறந்துக்கோங்கன்றாங்க. சரி பறப்போம்னா, 2023 ஜூன்ல அமெரிக்க விமானத்துறை ஆணையமான எஃப்ஏஏ குடுத்த சான்றிதழ் பத்தி "பறக்கும் காருக்கு அனுமதி"ன்னு எல்லா சேனலும் ஓட்டினாங்களே, அது சோதனைக்கும் கண்காட்சிக்கும் குடுக்கற ஸ்பெஷல் சான்றிதழ், எங்க எப்ப பறக்கலாம்னு கட்டுப்பாடு இருக்கு. ஆபீஸ் போக குடுத்ததுன்னு நினைச்சா ஏமாந்தோம்.

சித்தப்பா பையன் ஒருத்தன் சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் பே ஏரியால இருக்கான், தினமும் 101ங்கற ஹைவேல டிராஃபிக்ல வெந்து போறவன், "150 தானே அண்ணே, பேட்டரி எல்லாம் முன்னேறிடும்"னு சொல்றான். பேட்டரி முன்னேறட்டும்பா, வேண்டாம்னு யாரு சொன்னா. ஒரு கிலோ பெட்ரோல்ல கிட்டத்தட்ட 12 யூனிட் சக்தி இருக்கு, ஒரு கிலோ லித்தியம் பேட்டரில கால் யூனிட். எஞ்சின்ல முக்கால்வாசி சூடாப் போனாலும் பெட்ரோல் பத்து மடங்கு முன்னாடி நிக்குது. கார் சிக்னல்ல நின்னா மோட்டாருக்கு வேலையே இல்ல, ஆனா அந்தரத்துல நிக்கறதுக்கே பேட்டரி கரைஞ்சுட்டே இருக்கும். அதோட கார்னா இடிச்சா தாங்கணும், பம்பர் வேணும், கனம் வேணும். விமானத்துல அந்தக் கனம்தான் எதிரி. ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால்னு நிக்கற கதை. இந்த சிக்கல் ஆலெஃபுக்கு மட்டும் இல்ல, எழுபது எண்பது வருஷமா இந்த வேலைல இறங்கின எல்லாருக்கும் இதேதான்.

1947ல கான்வேர் கம்பெனி கார் மேல ரெக்கைய மாட்டி பறக்க விட்டு சான் டியேகோ பக்கத்துல விழுந்துது, பைலட் விமானத்தோட பெட்ரோல் முள்ள பாக்காம காரோட முள்ள பாத்துட்டாருன்னு சொல்லுவாங்க 🤦. 1949ல மோல்ட் டெய்லர்னு ஒருத்தர் ஏரோகார் செஞ்சார், நிஜமாவே பறந்துது, ரோட்டுல ஓடுச்சு, 1956ல அரசு சான்றிதழும் வந்துது. மொத்தம் செஞ்சது ஆறே ஆறு. என்னைக் கேட்டா இந்த லிஸ்ட்லயே உருப்படியானது அதுதான்.

க்யூ விக்கற வித்தைய நல்லா காட்டினது பால் மோலர். இவரோட ஸ்கைகார்ங்கற பறக்கும் கார் கிரேன்ல கயிறு கட்டி சோதனையா எழும்பினதோட சரி, ஆனா வருஷக்கணக்கா டெபாசிட் வாங்கினாங்க, பங்கு வித்தாங்க, பதிவு பண்ணாம பங்கு வித்ததுக்கும் பொய்யா ஆசை காட்டினதுக்கும் 2003ல அமெரிக்க பங்குச் சந்தை ஆணையம் கேஸ் போட்டு 50,000 டாலர் அபராதத்துல முடிஞ்சுது. அமெரிக்காவோட எம்ஐடில படிச்ச பசங்க ஆரம்பிச்ச டெராஃபூஜியா கம்பெனி அந்த ரகம் இல்ல, 2009லயே பறந்து காட்டினாங்க, 10,000 டாலர் டெபாசிட் வாங்கினாங்க, ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம்னாங்க, 2017ல சீனாவோட ஜீலி வாங்குச்சு, 2021ல சான்றிதழ் கைக்கு வந்த கையோட அமெரிக்காவுல இருந்த ஆளுங்கள்ல பெரும்பாலானவங்கள அனுப்பிட்டாங்க. ஒரு கஸ்டமருக்கும் வண்டி போகல.

பறக்கும் கார் செய்ற நெதர்லாந்து கம்பெனி பால்-வி மேல எனக்கு கொஞ்சம் மரியாதை உண்டு. செங்குத்தா எழும்பும்னு கதை விடல. ஜைரோகாப்டர், அதாவது மேல இருக்கற விசிறி காத்துலயே சுத்தற வண்டி, ஓடித்தான் ஏறணும், லைசென்ஸ் எடுத்துட்டு வாங்கன்னு நேரா சொல்றாங்க. 2020ல குஜராத்ல ஃபேக்டரி போடறதா மாநில அரசோட ஒப்பந்தம் கூட போட்டாங்க, 2021லயே ஆரம்பம்னு பேச்சு. நம்ம சென்னைல வினாட்டான்ற கம்பெனியும் 2021ல விமானத்துறை அமைச்சர்கிட்ட மாடல காட்டி போட்டோ எடுத்துக்கிட்டாங்க. ஸ்லோவாக்கியா ஏர்கார் அதே வருஷம் நித்ராலேந்து பிராட்டிஸ்லாவாவுக்கு 35 நிமிஷத்துல நிஜமாவே பறந்துடுச்சு, ஆனா ஏர்போர்ட்லேந்து ஏர்போர்ட்டுக்கு. வீட்டுலேந்து ஏர்போர்ட் வரைக்கும் அதே டிராஃபிக்தானே?

ஆலெஃபுக்கு வருவோம். 2025 கடைசில டெலிவரின்னாங்க, டிசம்பர் வந்தப்போ தயாரிப்பு ஆரம்பிச்சாச்சுன்னு அறிவிப்பு வந்துது, முதல் வண்டிகள கையால செய்றாங்களாம். டெபாசிட்ட எப்ப கேட்டாலும் திருப்பிக் குடுப்போம்னு சொல்றாங்க, அதுக்கு ஒரு ஸ்டார், டிசைனுக்கு ஒரு ஸ்டார். 1,500 டாலர் முன்வரிசை வேஸ்ட், நகராத க்யூல முன்னாடி நின்னா என்ன பின்னாடி நின்னா என்ன. விளையாட்டுக்கு போடறவங்க 150ஓட நிறுத்திக்கோங்க, ரசீத பத்திரமா வெச்சுக்கோங்க.